பூட்டுப் போட்ட டெலிபோன்

பெரியவனே, பாப்பா, போன கிறிஸ்துமஸ் அன்று சாப்பாட்டு மேசையில் நீங்கள் இருவரும் ஒரு சொல்லுக்காகச் சண்டை போட்டுக்கொண்டீர்கள். ஹேக்கர் என்றால் திருடன் என்றாள் பாப்பா. அவள் வேலை பார்க்கும் பேங்கில் அந்த மாதம்தான் யாரோ கம்ப்யூட்டருக்குள் புகுந்து, பத்து நாள் அவளை ஒழுங்காகச் சாப்பிடவிடாமல் செய்திருந்தார்கள். பெரியவன் ஒத்துக்கொள்ளவில்லை. "அவன் திருடன்தான். ஆனா ஹேக்கர்ங்கிறது வேற. ஒரு மெஷினை மூலை முடுக்கு விடாம தெரிஞ்சுக்கணும்னு ஆசைப்படுறவன் பேருதான் அது. திருடனுக்குக் கிராக்கர்னு தனியா பேரு வெச்சிருக்காங்க" என்றான்.

"பேரை மாத்தி வெச்சிட்டா போனது திரும்பி வந்துடுமா?" என்றாள் பாப்பா.

அதற்குப் பெரியவன், அதிலேயே வெள்ளைத் தொப்பிக்காரன், கறுப்புத் தொப்பிக்காரன் என்று வகை இருப்பதாகச் சொன்னான். சொல்லிவிட்டுப் புகுந்து பார்த்தால் தப்பில்லை, சொல்லாமல் புகுந்தால் குற்றம் என்றும் என்னவோ விளக்கினான். உங்கள் அம்மா, "தொப்பி அப்புறம் போட்டுக்கலாம், பிரியாணி ஆறுது" என்றாள். இரண்டு பேரும் என் பக்கம் திரும்பி, "நீங்க சொல்லுங்கப்பா" என்றீர்கள். நான் எலும்பைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தேன். எனக்குப் புரியவில்லை என்று நினைத்திருப்பீர்கள். புரிந்தது. ஆனால் அதைப் பற்றிப் பேச வேண்டுமானால் நான் செய்த ஒன்றைச் சொல்லாமல் பேச முடியாது. அதை உங்கள் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. எழுதினால் வரும் என்று இப்போது எழுதுகிறேன். நான் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவன். பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

இது நீங்கள் பிறப்பதற்கு முன்பு, எனக்குக் கல்யாணம் ஆவதற்கும் முன்பு நடந்தது. அறுபதுகளின் கடைசி என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது நந்திதுர்க் பக்கத்தில், கம்பெனி வரிசையாகக் கட்டிக் கொடுத்த லைன் வீடு ஒன்றில் குடியிருந்தேன். தங்கச் சுரங்கத்தில் டைம் ஆபீஸ் கிளார்க் வேலை. எந்தச் சுரங்கம் என்பது இங்கே தேவையில்லை.

டைம் ஆபீஸ் வேலை என்னவென்றால் பில்லை வேலை. கீழே இறங்குகிற ஒவ்வொருவரும் தன் எண் பொறித்த பித்தளைப் பில்லையை எங்கள் ஜன்னலில் கொடுத்துவிட்டுப் போவார். அதைப் பலகையில் அவருடைய ஆணியில் மாட்டுவோம். ஷிப்ட் முடிந்து மேலே வந்ததும் வாங்கிக்கொண்டு போவார். ஆணியில் பில்லை தொங்கினால் ஆள் பூமிக்குள் இருக்கிறார், ஆணி வெறுமையாக இருந்தால் மேலே வந்துவிட்டார். அவ்வளவுதான் கணக்கு.

எங்கள் அறைக்கு அடுத்தது லேம்ப் ரூம். தொப்பியில் மாட்டும் விளக்குகளை அங்கேதான் சார்ஜ் போட்டு வைத்துக் கொடுப்பார்கள். நடுச்சுவரில் ஒரு சின்னத் துவாரம் இருந்தது, பட்டியலை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் நீட்டுவதற்காக. அந்தத் துவாரத்துக்கு அந்தப் பக்கம் இருந்தவன் என் வயதுக்காரன். முன்பு கீழே ஒரு லெவலில், அதாவது ஓர் ஆழத்துத் தளத்தில், பெல் அடிப்பவனாக இருந்தவன். ஆட்களை ஏற்றி இறக்குகிற இரும்புக் கூண்டான கேஜ் மேலே போக, கீழே வர, நிற்க எல்லாவற்றுக்கும் மணித் தட்டுதான் பாஷை. ஒன்று தட்டினால் நில். இரண்டு தட்டினால் இறக்கு. மூன்று தட்டினால் ஆள் ஏறுகிறான், ஜாக்கிரதை. தட்டு ஒவ்வொன்றும் தனித்தனியாக, நிதானமாக விழ வேண்டும். அவசரப்பட்டுச் சேர்த்துத் தட்டினால் மேலே இன்ஜின் ஓட்டுபவர் தப்பாக எண்ணிவிடுவார். எங்கள் ஊரில் கேஜில் ஏறாத பள்ளிக்கூடப் பிள்ளைகூட மூன்று தட்டுக்கு அர்த்தம் சொல்லும்.

தூசியில் அவனுக்கு நெஞ்சு கெட்டுப்போனது. ஆஸ்பத்திரி டாக்டர் இவன் இனி கீழே இறங்கக் கூடாது, மேல் வேலைதான் தர வேண்டும் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். அப்படித்தான் லேம்ப் ரூமுக்கு வந்தான். இந்தச் சீட்டை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

எங்கள் அறையில் ஒரு கறுப்பு டெலிபோன் இருந்தது. வெளியூருக்குப் பேச முடியாது. சுரங்கத்துக்கு உள்ளேயே ஆபீஸ், ஆஸ்பத்திரி, ஆள் இறங்கும் குழிகளான மற்ற ஷாப்ட்டுகள், லேம்ப் ரூம்கள் என்று மூன்று இலக்க எண்களில் பேசிக்கொள்ளலாம். ஷிப்ட் ஆட்கள் வந்து அரட்டைக்காக டயலைச் சுற்றுகிறார்கள் என்று எங்கள் சூப்ரண்டுக்குக் கோபம். சூப்ரண்டு மதராஸிலிருந்து வந்தவர். நறுக்கென்று இஸ்திரி போட்ட சட்டை, கையெழுத்து அச்சு போல இருக்கும். டயல் ஓட்டையில் மாட்டுகிற ஒரு சின்னப் பித்தளைப் பூட்டை அவரே பங்காருபேட்டையிலிருந்து வாங்கி வந்து போட்டார். சாவி அவர் பையில். அவர் வீட்டுக்குப் போனபின் எங்களுக்கு வருகிற பேச்சைக் கேட்கலாம், நாங்கள் யாரையும் கூப்பிட முடியாது.

பூட்டுப் போட்ட மறுநாளே லேம்ப் ரூம்காரன் துவாரத்தில் முகத்தை வைத்து, "இன்னாபா, இது எதுக்கு?" என்றான்.

"யாரும் சுத்தக் கூடாதுன்னு."

"சுத்தாட்டா போவுது. டயலைச் சுத்தினா உள்ளே இன்னா நடக்குது தெரியுமா? நாலு சுத்தினா நாலு வாட்டி கரண்டு அறுந்து ஒட்டுது. ரிசீவரைக் காதுல வெச்சிக் கேளு, டிக்கு டிக்குன்னு சொல்லும். அறுக்கிறதுக்கு டயல்தான் வேணுமா? ரிசீவர் வைக்கிற கொக்கியை அமுத்தினாலும் அறுந்துதான் போவும்."

இந்தப் பக்கம் வந்து செய்தும் காட்டினான். ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு கொக்கியை விரல் நுனியால் தட்டினான். எத்தனை தட்டு என்று என்னால் எண்ண முடிந்தது. எண்ணி முடிப்பதற்குள் இன்னொரு ஷாப்ட்டின் லேம்ப் ரூமில் மணி அடித்தது. அங்கிருந்தவனிடம், "நான்தான்பா. ஒண்ணுமில்லே. வரியான்னு பார்த்தேன்" என்று சொல்லி வைத்துவிட்டான்.

அடிக்கடி செய்தான். யாரோடும் நீளமாகப் பேசியதில்லை. அந்தப் பக்கம் எடுத்தால் போதும், முகத்தில் ஒரு திருப்தி வரும். பட்டியலில் இல்லாத எண்களையும் தட்டிப் பார்ப்பான். ஒரு நாள் மேனேஜர் பங்களாவின் தனி லைனே வந்துவிட்டது. "தப்பா வந்துட்டேன் சார், மன்னிச்சுக்கோங்க" என்று வைத்துவிட்டு, நேராக எக்ஸ்சேஞ்ச் எலக்ட்ரீஷியனிடம் போய், இந்த வழியாக வந்தால் பங்களா லைன் திறக்கிறது, அடைத்துவிடுங்கள் என்று சொன்னான். அவர் சிரித்து அனுப்பிவிட்டார்.

"இது இன்னாத்துக்குடா உனக்கு?" என்று நான் கேட்டேன்.

"நான் கேக்குறேன், அது பதில் சொல்லுது. அவ்ளோதான்."

எனக்கும் சொல்லிக்கொடு என்றேன். "பாரு, பார்த்துக்கோ. இதுல சொல்றதுக்கு இன்னா கீது?" என்றான். அதற்கு மேல் சொல்லவில்லை.

அவன் செய்த பெரிய தப்பு, அதை மறைக்காமல் விட்டது. சூப்ரண்டிடமே போனான். நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன்.

"சார், இந்தப் பூட்டு வேலைக்கு ஆவாது. வீணா ஏன் மாட்டி வெச்சிருக்கீங்க?"

"யோவ், உன் வேலை விளக்கு. பூட்டைப் பத்தி உன்னை யாரு கேட்டது?"

"ஒரு நம்பர் சொல்லுங்க சார். எதுவேணா."

சூப்ரண்டு கோபத்தில் ஆபீஸர்கள் கிளப் நம்பரைச் சொன்னார். அவன் தட்டினான். கிளப்பில் ஒருவர் எடுத்து "எஸ்" என்றது எங்களுக்கே கேட்டது. அவன் ரிசீவரை மரியாதையாக இரண்டு கையாலும் சூப்ரண்டிடம் நீட்டினான். பாராட்டுவார் என்று நிஜமாகவே நினைத்தான் போலிருக்கிறது. சூப்ரண்டு ரிசீவரைப் பிடுங்கி வைத்தார். கழுத்து வரை சிவந்துவிட்டது.

"பூட்டின வீட்டுக்குள்ளே ஓட்டைப் பிரிச்சு இறங்கினா அதுக்குப் பேரு என்ன தெரியுமா? திருட்டு."

"நான் எதையும் எடுக்கலையே சார். பூட்டு பூட்டின மாதிரியேதானே கீது?"

"வெளியே போ."

அன்றிலிருந்து சூப்ரண்டு வாயில் அவன் பெயரே டெலிபோன் திருடன் என்று ஆனது. ஷிப்ட் ஆட்கள் வாயில் அதுவே கைராசிக்காரன். "கைராசி, ஆஸ்பத்திரிக்கு ஒரு தட்டு தட்டு, எங்க வூட்ல பிரசவம் ஆச்சான்னு கேளு" என்று ஒருவர் வந்து நின்றது எனக்கு நினைவிருக்கிறது. தட்டிக் கேட்டுச் சொன்னான். பெண் குழந்தை.

இனி நான் செய்தது.

ஒரு நாள் இரண்டாவது ஷிப்ட், மாலை நாலு மணிக்கு முன்பு. ஆட்களெல்லாம் இறங்கியாகிவிட்டது. சூப்ரண்டு கோலாருக்குப் போயிருந்தார். லேம்ப் ரூம்காரன் டீ குடிக்கக் கேண்டீன் பக்கம் போயிருந்தான். அறையில் நான் மட்டும். அவன் கூப்பிடுகிற அந்த இன்னொரு லேம்ப் ரூமுக்கு நானும் ஒருமுறை தட்டிப் பார்ப்போம் என்று தோன்றியது. வேறு காரணம் ஒன்றும் இல்லை. அவன் விரலால் முடிகிறது என் விரலால் முடியாதா என்பதுதான்.

அந்த எண்ணின் முதல் இலக்கம் மூன்று. ரிசீவரை எடுத்தேன். கொக்கியை மூன்று முறை தட்டினேன். எத்தனை தட்டு என்று எண்ணக் கற்றுக்கொண்டிருந்தேனே தவிர, எவ்வளவு வேகம் என்று பார்த்து வைத்திருக்கவில்லை. எங்கள் ஊர்க்காரன் மூன்று தட்டச் சொன்னால் எப்படித் தட்டுவான்? மணி தட்டுவது போலத்தான். ஒன்று. மூச்சு. இரண்டு. மூச்சு. மூன்று. என் அப்பாவும் சித்தப்பாவும் கீழே வேலை பார்த்தவர்கள். எனக்கு வேறு விதமாகத் தட்டத் தெரியாது.

எக்ஸ்சேஞ்சில் இருக்கிற இயந்திரத்துக்கு மணி பாஷை தெரியாதே. நடுவில் அவ்வளவு இடைவெளி விட்டால் அது மூன்று என்று எண்ணாது. ஒன்று, ஒன்று, ஒன்று என்று எண்ணும். நூற்றுப்பதினொன்று யாருடைய எண் தெரியுமா? ரெஸ்க்யூ ரூம். பாறை வெடித்தால், புகை சூழ்ந்தால், முதலில் ஓடுகிற ஆட்கள். இருட்டில் பதற்றத்தில்கூடச் சுற்றுவதற்குச் சுலபமாக இருக்கட்டும் என்று அந்த எண்ணை வைத்திருந்தார்கள்.

நான் இரண்டாவது இலக்கத்தைத் தட்ட விரலை எடுக்கும்போதே மணி அடிக்க ஆரம்பித்துவிட்டது. என்ன இது என்று பார்ப்பதற்குள் எடுத்துவிட்டார்கள். எடுத்தவர் முதலில் ரிசீவரிலிருந்து முகத்தைத் திருப்பி யாரிடமோ, "தண்ணி கொதிச்சிட்ச்சி, எறக்கி வை" என்றார். பிறகு, "ரெஸ்க்யூ ரூம், சொல்லு" என்றார்.

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். தப்பான நம்பர் என்று சொல்லியிருக்கலாம். எனக்கு வாய் வரவில்லை. ரிசீவரை வைத்துவிட்டேன்.

ரெஸ்க்யூ ரூமில் ஒரு வழக்கம் இருந்தது. மணி அடித்து, எடுத்தபின் பேச்சே இல்லாமல் லைன் அறுந்தால், அது பேச முடியாதவன் கூப்பிட்டது என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். யார், எங்கே என்று விசாரித்துக்கொண்டு உட்கார மாட்டார்கள். வேனைக் கிளப்பிவிட்டு அப்புறம்தான் ஒவ்வொரு ஷாப்ட்டாகக் கேட்பார்கள்.

ரெஸ்க்யூ ரூமுக்கு மிகப் பக்கத்தில் இருந்தது எங்கள் ஷாப்ட்தான். ஐந்து நிமிஷத்தில் வேன் மணியடித்துக்கொண்டு எங்கள் முன்னால் வந்து நின்றது. முதுகில் ஆக்சிஜன் பெட்டியோடு ஆட்கள் குதித்தார்கள். ஒருவர் கால் தடுக்கி ஜல்லிமேல் விழுந்து, முழங்கால் பிளந்து ரத்தம் வந்தது. அவர் அதைப் பார்க்கவே இல்லை. ஷாப்ட் வாயில் நின்ற பேங்க்ஸ்மேன், கேஜுக்கு மணி கொடுப்பவர், தெலுங்குக்காரர். "ஏமைந்தி? ஏமைந்தி?" என்று, என்ன ஆயிற்று எனக் கேட்டுக் கத்திக்கொண்டே கேஜை நிறுத்தினார். எல்லா வேலையும் நின்றது.

அந்த வேன் மணி லைன் வீடுகளுக்குக் கேட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியாது. அரை மணி நேரத்தில் கேட் முழுக்கப் பெண்கள். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள், சத்தமே இல்லை. சில பேர் கையில் அடுப்படி ஈரம் அப்படியே இருக்கிறது.

இப்போது எண்ண வேண்டியவன் யார்? நான்தான். கீழே ஒவ்வொரு லெவலிலிருந்தும் என் டெலிபோனுக்குத் தலைக்கணக்கு வரும். அதைக் கூட்டி, பலகையில் தொங்குகிற பில்லைகளோடு சரிபார்க்க வேண்டும். ஒன்றும் நடக்கவில்லை என்பது அந்த இடத்தில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். தெரிந்துகொண்டே எண்ணினேன்.

ஒரு பெண் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓர் எண்ணைச் சொன்னாள். "என் வூட்டுக்காரு பில்லை. ஆணியில கீதா பாரு சாமி."

"இருக்குதும்மா."

"அப்ப கீழதான் கீறாரா?"

"கீழதான். ஒண்ணும் இல்லம்மா. ஒண்ணும் ஆகலே."

"உனக்கு இன்னா தெரியும்?" என்றாள்.

நான் திரும்பிப் பலகையைப் பார்த்துக்கொண்டேன். முதல் தடவை கூட்டினபோது ஒன்று குறைந்தது. நான் சொன்ன கூட்டலைக் கேட்டு வெளியே ஒருவர், "ஒரு ஆள் குறையுது" என்று சொல்லிவிட்டார். கேட் பக்கம் ஒரு சத்தம் கிளம்பியது. அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. இரண்டாவது தடவை எண்ணினேன். சரியாக வந்தது. தலைக்கணக்கைக் கூட்டினபோது நான்தான் ஓர் ஆளை விட்டிருந்தேன். எல்லா லெவலும் பத்திரம் என்று உறுதியாகி, கேஜ் மறுபடி ஓடுவதற்கு ஒன்றேகால் மணி நேரம் ஆனது.

மறுநாள் சூப்ரண்டு வந்தார். எக்ஸ்சேஞ்ச் எலக்ட்ரீஷியன், அந்தக் கூப்பாடு டைம் ஆபீஸ் லைனிலிருந்துதான் வந்தது என்று கண்டுபிடித்துச் சொல்லியிருந்தார். பூட்டு மாட்டின டெலிபோன். சாவி சூப்ரண்டு பையில் கோலாரில். அப்படியானால் தட்டத் தெரிந்தவன்தான் செய்திருக்க வேண்டும். தட்டத் தெரிந்தவன் யார் என்று யாரையும், அறையில் இருந்த என்னைக்கூட, கேட்க வேண்டியிருக்கவில்லை.

மூன்றாம் நாள் மேனேஜர் அறையில் விசாரணை. மேனேஜரும் சூப்ரண்டும் உட்கார்ந்திருந்தார்கள். லேம்ப் ரூம்காரன் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். என் கையெழுத்து தெளிவாக இருக்கும் என்பதால், சொல்வதை எழுதிக்கொள்ள என்னையே மூலையில் உட்கார வைத்திருந்தார்கள்.

மேனேஜர் இன்ஜினியர் ஆள். அவருக்குக் கோபத்தைவிட ஆச்சரியம் அதிகம். "எப்படிச் செய்யறே? காட்டு" என்றார். அவன் மேசைமேல் இருந்த டெலிபோனில் தட்டி அடுத்த அறைக்கே மணி அடிக்க வைத்தான். மேனேஜர் தலையை ஆட்டினார்.

"அப்ப ரெஸ்க்யூ ரூமுக்குத் தட்டினது நீதானே?"

"இல்லே சார். நான் டீ குடிக்கப் பூட்டேன். அதுவும் இல்லாம, அது தட்டத் தெரிஞ்சவன் தட்டினது இல்லே. மூணு தட்டினா வேற நம்பர் போவும். மூணை விட்டு விட்டுத் தட்டினாத்தான் ஒண்ணு ஒண்ணு ஒண்ணுன்னு ஆவும். மணி தட்டுற மாதிரி, நிதானமா. நான் அப்படித் தட்டுவேனா?"

சூப்ரண்டு நாற்காலியை முன்னால் இழுத்தார். "மணி தட்டுற மாதிரியா? கீழே இத்தனை வருஷம் மணி தட்டினது யாரு? நீதானே?"

தன் வாயாலேயே மாட்டிக்கொண்டது அவனுக்கு அப்போதுதான் புரிந்தது. நான் எழுதிக்கொண்டிருந்தேன்.

"வேற யாருக்காவது இது தெரியுமா?" என்று மேனேஜர் கேட்டார்.

"தெரியாது சார்" என்றான் அவன். என் பக்கம் பார்க்கவில்லை. தெரியாது என்றார் என்று நான் எழுதினேன்.

சூப்ரண்டு சொன்னார்: "தட்டுறது இவ்வளவு பிடிக்கும்னா கீழேயே போய்த் தட்டட்டும் சார். பழைய லெவலுக்கே அனுப்பிடலாம்."

"டாக்டர் சீட்டு கீது சார்" என்றான். குரல் சின்னதாகிவிட்டது. "நான் கீழே போனா ஒரு வருஷம் தாங்க மாட்டேன்."

மேனேஜர், திங்கட்கிழமை ஆர்டர் போடுகிறேன், போ என்று சொல்லிவிட்டார்.

அன்றைக்கு நான் பேசவில்லை. இதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். பேனா கையில் இருந்தது, அவர்கள் சொன்னதையெல்லாம் எழுதினேன், கடைசியில் அடிக்கோடும் போட்டேன்.

சாயங்காலம் துவாரத்தில் அவன் முகம் தெரிந்தது.

"இன்னாபா, எழுதும்போது ஒரு வாட்டிகூடத் தலையைத் தூக்கலியே?"

நான் பட்டியலைப் புரட்டினேன்.

"ஒவ்வொரு தட்டுக்கும் நடுவுல மூச்சு வுட்டியா?" என்றான். குற்றம் சாட்டுவது போல இல்லை. எங்கே பிசகியது என்று தெரிந்துகொள்ளக் கேட்டது போல இருந்தது.

"வுட்டேன்."

"அதான். எல்லாருக்கும் அப்படித்தான் வரும்." விளக்குகளைத் துடைக்க ஆரம்பித்தான்.

"அங்கேயே ஏன் என் பேரைச் சொல்லலே?" என்று கேட்டேன்.

"உனக்கு வாய் இல்லே? உன் பேரை நான் ஏன் சொல்லணும்?"

அவ்வளவுதான் பேசினோம்.

சனி, ஞாயிறு போனது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாதிரியார் என்ன பிரசங்கம் செய்தார் என்று கேட்டால் ஒரு வார்த்தை சொல்லத் தெரியாது. கீழே அவன் ஒரு வருஷம் தாங்க மாட்டான் என்பது மட்டும் தெரியும். திங்கட்கிழமை எட்டு மணிக்கு மேனேஜர் அறை வாசலில் நின்றேன். சூப்ரண்டும் உள்ளே இருந்தார். தட்டியது நான் என்று சொன்னேன்.

சூப்ரண்டு நம்பவில்லை. "சிநேகிதனைக் காப்பாத்தறியா? நீ நல்ல குடும்பத்துப் பிள்ளை, இதுல வந்து மாட்டிக்காதே."

"நான்தான் சார்."

"என்ன அத்தாட்சி?"

யோசித்தேன். "எடுத்தவர் முதல்ல பக்கத்துல யார்கிட்டயோ தண்ணி கொதிச்சிட்டுது, இறக்கி வைன்னு சொன்னார் சார். அப்புறம்தான் ரெஸ்க்யூ ரூம்னு சொன்னார்."

மேனேஜர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு டெலிபோனை எடுத்தார். நூற்றுப்பதினொன்றைச் சுற்றி, அன்றைக்கு எடுத்த ஆளைக் கூப்பிட்டுக் கேட்டார். கேட்டுக்கொண்டே இரண்டு தரம் "ம்" என்றார். வைத்துவிட்டு, "இவன்தான்" என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் உங்கள் சண்டையின்போது நினைத்துக்கொண்டிருந்தேன். பெரியவன் சொன்ன தொப்பிகள், புரிந்தும், எனக்கு அதனால்தான் மனதில் ஒட்டவில்லை. சுரங்கத்தில் தொப்பியை ஸ்டோர்காரர் எடுத்துக் கொடுப்பார். எந்த நிறம் வந்ததோ அதைப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

சூப்ரண்டின் பேச்சு அந்த நிமிஷமே மாறியது. "சின்னப் பையன் சார். ரிசீவரைத் துடைக்கும்போது கொக்கியிலே விரல் பட்டிருக்கும். பயந்து வெச்சுட்டான். தானே வந்து ஒத்துக்கிட்டான் பாருங்க, அதுவே பெரிசு" என்றார். விரல் படவில்லை, வேண்டுமென்றுதான் தட்டினேன் என்றேன். "சரி சரி, தெரியாம செஞ்சது" என்றார். தெரிந்துதான் செய்தேன் என்று இன்னொரு தரம் சொல்ல வாயெடுத்தேன். மேனேஜர் கையைக் காட்டி நிறுத்திவிட்டார். அவருக்கு இது முடிந்தால் போதும். லேம்ப் ரூம்காரனைக் கீழே அனுப்பும் பேச்சு அத்தோடு நின்றது. டாக்டர் சீட்டுப்படி அவன் மேலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்.

ஆனால் கிளப்புக்குத் தட்டிக் காட்டினானே, அதை சூப்ரண்டு விடவில்லை. இரண்டு தாள் தயாரானது. இரண்டையும் சுத்தப் பிரதி எடுத்தவன் நான். என் தாளில், டெலிபோனில் தற்செயலாகக் கை பட்டது, வாய்மொழி எச்சரிக்கை. அவன் தாளில், பூட்டிய கருவியைத் திருட்டுத்தனமாகத் திறந்தது, எழுத்து மூலம் கண்டனம். ஒன்றுமே கெடுக்காமல், எதிரிலேயே நின்று செய்து காட்டி, பூட்டு சரியில்லை என்று சொன்னவன் அவன். ஊரையே கேட்டுக்குக் கூட்டிவந்து நிறுத்தியவன் நான். ஒரே பேனா, ஒரே மை. எழுதிக் கொடுத்தேன்.

தாளை வாங்கிப் படித்த அவன், "கையெழுத்து நல்லா கீதுபா" என்றான். கிண்டலா என்று இன்றுவரை தெரியாது. டெலிபோனுக்கு ஒரு மரப்பெட்டி செய்து, அதற்குப் பூட்டுப் போட்டார்கள். சாவியை சூப்ரண்டு என்னிடம் கொடுத்தார். உன்னைத்தான் நம்ப முடியும் என்றார்.

அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் அவன் லேம்ப் ரூமிலேயே இருந்தான். நாங்கள் துவாரம் வழியாகப் பட்டியல் மாற்றிக்கொண்டோம், மழை, சினிமா, பந்தாட்டம் எல்லாம் பேசினோம். கெட்டுப்போன ஒரு ரேடியோவை அவனே பிரித்துச் சரிசெய்து பாட வைத்தான். டெலிபோனைப் பற்றி மட்டும் பேசியதில்லை. அவனை ஹேக்கர் என்று சொல்லலாமா, பெரியவனே, நீயே சொல். பாப்பா, நீ என்னை எதில் சேர்ப்பாய் என்றும் யோசித்துப் பார்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. ரெஸ்க்யூ ரூம் ஆட்களுக்கு யாரும் உண்மையைச் சொல்லவில்லை. லைன் பழுது என்று ஆபீஸிலிருந்து தகவல் போயிருந்தது. முழங்கால் பிளந்தவர் ஒரு மாதம் நொண்டிக்கொண்டு எங்கள் ஜன்னலைத் தாண்டிப் போவார். என்னைப் பார்த்து, "இன்னா கிளார்க்கு, சௌக்கியமா?" என்பார்.

ஒரு நாள் காலை பதினோரு மணிக்கு ஷிப்ட் பட்டியல் கொடுக்க ரெஸ்க்யூ ரூமுக்குப் போனேன். ஆட்களெல்லாம் பின்னால் மைதானத்தில் ஆக்சிஜன் பெட்டியோடு பயிற்சியில் இருந்தார்கள். மணி அடித்தால் கேட்கிற தூரம்தான். அறையில் யாரும் இல்லை. டெலிபோனுக்குப் பக்கத்தில் பெரிய நோட்டுப் புத்தகம் திறந்து கிடந்தது. வருகிற ஒவ்வொரு கூப்பாட்டையும் அதில்தான் எழுதுவார்கள். நேரம், பேசியவர், விவரம், வேன் போனது, வந்தது என்று கட்டங்கள். பக்கங்களைத் திருப்பி அந்த நாளைத் தேடினேன். நேரம் எழுதியிருந்தது. விவரம் என்ற இடத்தில், பேச்சு இல்லை என்று இருந்தது. பேசியவர் என்ற கட்டம் காலியாக இருந்தது.

பையிலிருந்து பேனாவை எடுத்து, அந்தக் கட்டத்தில் என் பெயரை எழுதினேன். கீழே டைம் ஆபீஸ் என்று எழுதினேன். விவரம் என்ற இடத்தில் எதையும் மாற்றவில்லை. மை காயும்வரை நின்றிருந்துவிட்டு, புத்தகத்தை அது முன்பு திறந்திருந்த பக்கத்துக்கே திருப்பி வைத்துவிட்டு வந்தேன்.